லாரியின் முதுகில் என்ன கட்டுவது?

லாரி வாங்கப் போகிறீர்களா? வாங்குங்கள். நல்ல தொழில்தான்.

ஆனால் ஒரு கேள்வி. அதன் முதுகில் என்ன கட்டப் போகிறீர்கள்?

"பாடிதான்!" என்பீர்கள்.

என்ன பாடி? திறந்த பாடியா, மூடிய பாடியா? சரக்கைக் கொட்டும் டிப்பரா? தண்ணீர் சுமக்கும் டேங்கரா?

இந்தக் கேள்விக்குச் சரியான பதில் தெரியாமல், பன்னிரண்டு பவுன் நகையை மூன்று வருஷம் அடகுக் கடையில் விட்டிருந்தார்கள், ஒரு கணவனும் மனைவியும். அம்பத்தூர்க்காரர்கள். பெயர் வேண்டாம். கதை போதும்.

பக்கத்து வீட்டு லாரி

அவர் பதினைந்து வருஷம் டிரைவர். ஊரார் லாரியை ஓட்டினார். சொந்தமாக ஒரு லாரி வேண்டும் என்று ஆசை வந்தது. கடன் வாங்கினார். போதவில்லை. மனைவி கழுத்தில், கையில் இருந்ததைக் கழற்றிக் கொடுத்தார். சேசிஸ் வந்துவிட்டது.

சேசிஸ் என்றால் என்ன? என்ஜின், சக்கரங்கள், நீளமான இரும்புச் சட்டம். அவ்வளவுதான். பின்பக்கம் மொட்டையாக இருக்கும். அதன்மேல் பாடியை நாம் கட்டிக்கொள்ள வேண்டும். பாடியோடு சேர்த்தே விற்கும் வண்டிகளும் இப்போது உண்டு. ஆனாலும், சேசிஸ் வாங்கித் தனியாகப் பாடி கட்டுகிறவர்கள் நம் நாட்டில் ஏராளம்.

"என்ன பாடி கட்டப் போகிறீங்க?" என்று மனைவி கேட்டார்.

"பக்கத்து வீட்டு அண்ணன் கட்டியிருக்கிறாரே, அதே மாதிரி மூடிய பாடி. மழைக்குப் பயம் இல்லை. திருட்டுக்கும் பயம் இல்லை."

"அந்த அண்ணன் பிஸ்கட் பெட்டி ஏற்றுகிறார். நாம் என்ன ஏற்றப் போகிறோம்?"

"ஏதாவது ஒன்று வராமலா போகும்?"

வந்தது. இரும்புத் தகடு வந்தது!

தகட்டைப் பட்டறையில் கையால் தூக்க மாட்டார்கள். கிரேன் தூக்கும். மேலே இருந்து வண்டிக்குள் இறக்கும். இவர் வண்டிக்குத்தான் கூரை இருக்கிறதே! எப்படி இறக்குவது?

இரண்டு மாதம் வண்டி வாசலில் நின்றது. வட்டி நிற்கவில்லை. பொறுத்துப் பார்த்தார். கடைசியில் கூரையை வெட்டி எடுத்துவிட்டார். வேலை நடந்தது. தகுதிச் சான்று வாங்கப் போனபோது அதிகாரி கேட்டார்: "ஆர்.சி.யில் மூடிய பாடி என்று இருக்கிறது. கூரை எங்கே?"

மறுபடியும் பட்டறை. மறுபடியும் செலவு. பக்கச் சுவர்கள் கீழே மடங்கும் திறந்த பாடியாக மாற்றி, முறைப்படி பதிவு செய்தார்கள். நகை வீட்டுக்கு வர மூன்று வருஷம் ஆயிற்று.

"பாடி கட்டும் முன்னால், ஒரு நாள் அந்தப் பட்டறை வாசலில் நின்று, எப்படி ஏற்றுகிறார்கள் என்று பார்த்திருக்கலாம்" என்றார் அந்த அம்மாள். இப்போது வண்டிக் கணக்கு நோட்டு அவர் கையில்தான் இருக்கிறது.

கூண்டு வண்டியும் மொட்டை வண்டியும்

இது புதிய சங்கதி அல்ல. நம் பாட்டன்மார்களுக்குத் தெரிந்ததுதான்.

பெண்டு பிள்ளைகளோடு திருவிழாவுக்குப் போகக் கூண்டு வண்டி கட்டினார்கள். நெல் மூட்டை ஏற்ற மொட்டை வண்டி. வைக்கோல் ஏற்றும்போது பக்கத்தில் உயரமாகக் கழிகளை நட்டுக் கயிறு கட்டினார்கள். குப்பை எருவுக்குத் தட்டி வைத்து அடைத்தார்கள். மாடு ஒன்றுதான். மேலே இருப்பது மட்டும் மாறியது. கூண்டு வண்டியில் எரு ஏற்றிய பாட்டனை யாராவது பார்த்தது உண்டா?

சரக்குதான் வண்டியின் உருவத்தைத் தீர்மானித்தது. இன்றும் அதே கணக்குத்தான்.

இரும்பா, தெர்மோகோலா?

ஒரு லாரியின் பாடி 20 அடி நீளம், 7 அடி அகலம் என்று வைத்துக்கொள்வோம். அதில் 10 டன் இரும்புத் தகட்டைப் பரப்புகிறோம். எவ்வளவு உயரம் வரும்?

நாலு அங்குலம்! ஒரு சாண்கூட இல்லை. பாடி காலியாக இருப்பது போலத் தோன்றும். ஆனால் லாரி திணறும்.

அதே பாடியில் 7 அடி உயரத்துக்குத் தெர்மோகோல் அடுக்குங்கள். பாடி நிறைந்துவிடும். எடை? சுமார் அரை டன். அவ்வளவுதான். லாரிக்கு அது ஒரு சுமையே அல்ல.

ஆகவே, இரும்பு ஏற்றுகிறவருக்கு உயரமான பாடி வீண். அவருக்கு வேண்டியது தரை. பலமான தரை. தெர்மோகோல், பிளாஸ்டிக் குடம், காலி அட்டைப் பெட்டி ஏற்றுகிறவருக்குப் பலமான தரை வீண். அவருக்கு வேண்டியது இடம். நீளமும் உயரமும்.

உங்கள் சரக்கு கனமா, பருமனா? முதலில் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். பாதி வேலை முடிந்துவிடும்.

மூன்று ஊர்களும் சரக்கும்

சென்னைக்கு மேற்கே அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி என்று மூன்று ஊர்கள். இந்த மூன்று ஊர்களைச் சுற்றி ஓடாத சரக்கு இல்லை.

டி.ஐ. சைக்கிள் கம்பெனி 1949ல் தொடங்கியது. அதன் தொழிற்சாலை அம்பத்தூரில் எழுந்தது. சைக்கிள் பருமனான சரக்கு. பக்கத்துப் பாடியில் சக்கரம் செய்கிறார்கள், பிரேக் செய்கிறார்கள், திருகாணி செய்கிறார்கள். (ஊர்ப் பெயரே பாடி! லாரிப் பாடியோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.) திருகாணி கனமான சரக்கு. சின்னப் பெட்டிதான். தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும்.

அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964ல் வந்தது. கடைசல் பட்டறை, வார்ப்படம், ஆயத்த ஆடை, மருந்து, அச்சு என்று எல்லாம் உள்ளே இருக்கின்றன. ஆவின் பால் பண்ணையும் இருக்கிறது.

ஆவடியில் 1955ல் காங்கிரஸ் மகாநாடு நடந்தது. 1961ல் கனரக வாகனத் தொழிற்சாலை வந்தது. ராணுவ டாங்கி செய்யும் இடம். அங்கே செய்யும் அர்ஜுன் டாங்கியின் எடை 58 டன்னுக்கு மேல். அதைச் சுமக்கத் தரையோடு தரையாகத் தாழ்ந்த, பல சக்கர டிரெய்லர் வேண்டும். அது ராணுவத்தின் கவலை. நமக்கு வேண்டாம்!

பூந்தமல்லி, பெங்களூர் சாலையில் இருக்கிறது. துறைமுகத்துக்கும் ஸ்ரீபெரும்புதூர்த் தொழிற்சாலைகளுக்கும் நடுவே இரவு பகலாகக் கண்டெய்னர் லாரிகள் இந்தப் பக்கம் ஓடுகின்றன. வடக்கே செங்குன்றத்தில் அரிசி ஆலைகள். கிழக்கே கோயம்பேடு காய்கறி மார்க்கெட்.

இத்தனை சரக்கும் ஒரே மாதிரி பாடியில் போகுமா?

பாடியும் ஒரு சுமைதான்

இப்போது சொல்வதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். பலர் ஏமாறும் இடம் இது.

ஒரு லாரி, சரக்கோடு சேர்ந்து மொத்தம் எவ்வளவு எடை இருக்கலாம் என்று அரசாங்கம் எல்லை வைத்திருக்கிறது. முன்னால் இரண்டு, பின்னால் நாலு என்று ஆறு டயர் உள்ள பெரிய லாரிக்கு இந்த எல்லை 16.2 டன்னாக இருந்தது. 2018ல் அதை 18.5 டன்னாக உயர்த்தினார்கள். உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்பது ஆர்.சி.யில் இருக்கும்.

இந்த 18.5 டன்னில் வண்டியின் எடையும் சேர்த்தி. பாடியின் எடையும் சேர்த்தி.

வண்டியும் பாடியும் 7 டன் என்றால், மீதி 11.5 டன் சரக்கு ஏற்றலாம்.

"இரும்பை இன்னும் கெட்டியாகப் போடு. இன்னும் நாலு சட்டம் வை. வண்டி நூறு வருஷம் உழைக்க வேண்டும்" என்று சொல்லி, பாடியை அரை டன் கூட்டிவிட்டீர்கள் என்று வையுங்கள். இனி 11 டன்தான் ஏற்றலாம்.

அரை டன்தானே? மாதம் 25 நடை போனால் பன்னிரண்டரை டன். முழுசாக ஒரு நடைக்கு மேல்! மாதம் ஒரு நடை வாடகை இல்லாமல் ஓடுகிறது. அந்த வாடகையைத் தின்றது யார்? நீங்கள் காசு கொடுத்துப் போட்ட அந்த அதிக இரும்பு!

சரி, மெலிதாகக் கட்டிவிடலாமா? அதுவும் ஆபத்து. கனமான சரக்கு ஏற்றினால் தரை தொய்யும். பக்கச் சுவர் பிதுங்கும். எங்கே பலம் வேண்டுமோ அங்கே மட்டும் இரும்பு போடுகிறவர்தான் நல்ல பட்டறைக்காரர். அலங்காரத்துக்கு ஏற்றும் இரும்பை அந்த அம்மாள் ஒரே வார்த்தையில் சொன்னார்: "லாரிக்கு எதற்கு ஒட்டியாணம்?"

டிப்பர்

மணல், ஜல்லி, எம்-சாண்ட், செம்மண். இவை ஏற்றுகிறவர்களுக்கு டிப்பர். அடியில் எண்ணெய் அழுத்தத்தால் நீளும் ஜாக்கி இருக்கிறது. அது பாடியின் முன்பக்கத்தைத் தூக்கும். பின் கதவு திறக்கும். சரக்கு தானாகக் கொட்டும். இரண்டு மணி நேரம் ஆள் வைத்து வாரிக் கொட்டும் வேலை இரண்டு நிமிஷத்தில் முடிந்துவிடும்.

ஆனால் ஜாக்கியும் எடைதான். ஆகையால் அதே அளவு திறந்த லாரியைவிட டிப்பர் குறைவாகத்தான் சுமக்கும்.

நம் பக்கத்தில் மணலை யூனிட் கணக்கில் விற்கிறார்கள். ஒரு யூனிட் 100 கன அடி. காய்ந்த மணல் ஒரு கன அடி சுமார் 45 கிலோ. ஆகவே ஒரு யூனிட் நாலரை டன். ஈர மணல் இன்னும் கனக்கும்.

11 டன் ஏற்றக்கூடிய டிப்பரில் இரண்டு யூனிட் போகலாம். 9 டன். மூன்று யூனிட் போட்டால் 13.5 டன். இரண்டரை டன் அதிகம்!

அதிக பாரத்துக்குச் சட்டம் விதிக்கும் அபராதம் என்ன தெரியுமா? 2019ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி 20 ஆயிரம் ரூபாய். அதோடு, அதிகமான ஒவ்வொரு டன்னுக்கும் 2 ஆயிரம் ரூபாய். அதிகச் சரக்கை அங்கேயே இறக்கவும் வேண்டும்.

இதில் பாடியின் தப்பு என்ன? இருக்கிறது. மூன்று யூனிட் பிடிக்கும் உயரத்துக்குப் பக்கச் சுவரைக் கட்டிவிட்டால், மூன்று யூனிட் ஏற்றத்தான் கை போகும். இடம் இருக்கும்போது எந்த வியாபாரி சும்மா இருப்பார்? சுவரின் உயரத்தைக் கட்டும்போதே அளந்து வைத்துவிட்டால், பிறகு மனசோடு சண்டை போட வேண்டாம்.

டிப்பரைத் தூக்கும்போது இரண்டு பக்கம் பார்க்க வேண்டும். மேலே மின்சாரக் கம்பி இருக்கிறதா? கீழே தரை சமமாக இருக்கிறதா? தரை சரிந்திருந்தால், தூக்கிய டிப்பர் பக்கவாட்டில் கவிழும். கொட்டி முடித்ததும் பாடியை முழுசாக இறக்காமல் வண்டியைச் சாலைக்கு எடுக்கக் கூடாது. உயிர் போகும் விஷயம் இது.

அரிசி, செங்கல், இரும்பு எல்லாம் ஏற்றலாம் என்று டிப்பர் கட்டாதீர்கள். டிப்பர் ஒரு வேலைக்காரன். ஒரு வேலைதான் செய்வான்.

நிறைகுடம் தளும்பாது

2019 கோடையைச் சென்னைவாசிகள் மறந்திருக்க மாட்டார்கள். ஏரிகள் வறண்டன. ஜோலார்பேட்டையில் இருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் தண்ணீர் வந்தது. தண்ணீர் லாரி போகாத தெரு இல்லை.

தண்ணீர்க் கணக்கு சுலபம். ஒரு லிட்டர் ஒரு கிலோ. 9 ஆயிரம் லிட்டர் என்றால் 9 டன்.

ஆனால் தண்ணீர், மூட்டை மாதிரி சும்மா இருக்காது. பாதிக் குடம் தண்ணீரை இடுப்பில் வைத்து ஓடிப் பாருங்கள். எப்படித் தளும்புகிறது? டேங்கருக்குள் டன் கணக்கில் தளும்பும். பிரேக் போட்டால் தண்ணீர் முன்னால் பாய்ந்து வண்டியைத் தள்ளும். வளைவில் திரும்பினால் பக்கவாட்டில் தள்ளிக் கவிழ்க்கப் பார்க்கும். ஆகவேதான் உள்ளே ஓட்டை போட்ட தடுப்புத் தகடுகள் வைக்கிறார்கள். காசு மிச்சம் என்று தடுப்பில்லாமல் தொட்டி கட்டுகிறவர், டிரைவரின் உயிரில் மிச்சம் பிடிக்கிறார்.

பால் டேங்கர் வேறு மாதிரி. தடுப்புகளின் மூலையில் பால் தங்கினால் கெட்டுவிடும். கழுவவும் முடியாது. அதனால் உள்ளே தனித்தனி அறைகளாகப் பிரித்து, ஒவ்வொரு அறையையும் முழுக்க நிரப்புகிறார்கள். நிறைகுடம் தளும்பாது அல்லவா?

மூடிய பாடி யாருக்கு?

மூடிய பாடி கெட்டது என்று நினைத்துவிடாதீர்கள். மருந்து, துணி, பிஸ்கட், மின்சார சாமான். இவற்றுக்கு அதுதான் பாதுகாப்பு. மழை வராது. தூசி வராது. பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொள்ளலாம்.

அதற்கும் குணம் உண்டு. வெயிலில் உள்ளே அடுப்பு மாதிரி காயும். கோயம்பேட்டில் ஏற்றிய கீரையைக் காற்றில்லாத இரும்புப் பெட்டிக்குள் அடைத்தால், இறக்கும்போது வதக்கிய கீரைதான் இருக்கும்! காய்கறிக்குத் திறந்த பாடியும் நல்ல தார்ப்பாயும் போதும்.

இன்னொன்று. கதவு பின்னால் மட்டும்தான். பெட்டியின் அடியில் வைத்த வேட்டியை எடுக்க, மேலே உள்ள எல்லாவற்றையும் எடுக்க வேண்டும் அல்லவா? அதே கதை. சி.டி.எச். ரோட்டில் ஆவடி, திருநின்றவூர், திருவள்ளூர் என்று மூன்று கடைக்குச் சரக்கு இறக்க வேண்டும். திருவள்ளூர்ச் சரக்கை முதலில் ஏற்ற வேண்டும். ஆவடிச் சரக்கைக் கடைசியில் ஏற்ற வேண்டும். தெருத் தெருவாகக் கடைக்குப் போடுகிறவர்கள், பக்கத்திலும் ஒரு கதவு வைத்துக் கட்டச் சொன்னால் நல்லது.

ஐஸ்கிரீம், இறைச்சி ஏற்றக் குளிர்பதன வண்டி இருக்கிறது. பலர் அதை ஓடும் ஐஸ் பெட்டி என்று நினைக்கிறார்கள். அது சரக்கைக் குளிர வைக்காது. ஏற்கெனவே குளிர்ந்த சரக்கைச் சூடாகாமல் காக்கும். அவ்வளவுதான். சூடான சரக்கை ஏற்றிவிட்டு "வண்டி சரியில்லை" என்று சண்டை போடுவதில் பிரயோசனம் இல்லை.

கோழிக் கூண்டு வண்டிக்கும், சமையல் எரிவாயு சிலிண்டர் வண்டிக்கும் பக்கம் கம்பி வலையாக இருக்கிறதே, ஏன்? கோழிக்கு மூச்சு விடக் காற்று வேண்டும். சிலிண்டரில் வாயு கசிந்தால் தேங்காமல் வெளியே போக வேண்டும்.

சின்ன வியாபாரத்துக்கு 2005ல் வந்த டாடா ஏஸ் இருக்கிறது. நம் ஜனங்கள் அதற்குக் குட்டி யானை என்று பெயர் வைத்துவிட்டார்கள். குட்டி யானைக்கும் இதே கணக்குத்தான். குட்டி என்பதை மறந்து யானைச் சுமை ஏற்றுகிறவர்களைத் தினமும் பார்க்கிறோம்.

சட்டம் என்ன சொல்கிறது?

லாரிப் பாடியை நம் இஷ்டப்படி கட்ட முடியாது. பாடி எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ஏ.ஐ.எஸ். 093 என்ற விதித் தொகுப்பு உண்டு. வண்டியின் அகலம் 2.6 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. நீளத்துக்கும் உயரத்துக்கும் எல்லை உண்டு. பட்டறைக்காரரிடம் அங்கீகாரச் சான்று இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். கேட்பதில் வெட்கம் இல்லை.

ஒரு தடவை பதிவு செய்தபின் பாடியை மாற்ற வேண்டும் என்றால், 1988ம் வருஷ மோட்டார் வாகனச் சட்டத்தின் 52வது பிரிவுப்படி அனுமதி வேண்டும். ஆர்.சி.யில் ஒன்று, வண்டியில் ஒன்று என்று இருந்தால், விபத்து நடக்கும்போது இன்ஷூரன்ஸ் கம்பெனி கேள்வி கேட்கும்.

பக்கத்திலும் பின்னாலும் தடுப்புக் கம்பி வைக்கச் சொல்கிறது சட்டம். இது லாரிக்காக அல்ல. சறுக்கி விழும் ஸ்கூட்டர்காரர் சக்கரத்துக்கு அடியில் போய்விடாமல் இருப்பதற்காக. இதை மட்டும் கழற்றிப் போடாதீர்கள்.

எங்கே கட்டுவது?

சென்னைப் புறநகரிலும் பட்டறைகள் உண்டு. ஆனால் லாரிப் பாடி என்றால் நாமக்கல்தான் நினைவுக்கு வரும். சேசிஸை 350 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிக்கொண்டு போய்க் கட்டி வருகிறார்கள். வேறு மாநிலத்து வண்டிகளும் அங்கே வரிசையில் நிற்கும். பஸ் பாடிக்குக் கரூர். ஆழ்துளைக் கிணறு தோண்டும் வண்டிக்குத் திருச்செங்கோடு.

எங்கே கட்டினாலும், போகும் முன் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். என்ன சரக்கு, ஒரு நடைக்கு எத்தனை டன், யார் ஏற்றுவார், கிரேனா, ஆளா, எந்தக் கதவு வழியாக, எந்தத் தெருவில் இறக்குவது. அந்தத் தெருவுக்குள் வண்டி திரும்புமா என்பதையும் போய்ப் பார்த்துவிடுங்கள். திரும்பி வரும்போது என்ன சரக்கு கிடைக்கும் என்பதும் முக்கியம். போகும்போது தகடு, வரும்போது அரிசி மூட்டை என்றால், இரண்டுக்கும் பொருந்துவது பக்கம் மடங்கும் திறந்த பாடிதான்.

பாடி முடிந்துவிட்டது. பெயின்ட் மின்னுகிறது. பின்னால் பிள்ளை பெயரும் எழுதியாயிற்று. உடனே பணத்தை எண்ணிக் கொடுத்துவிடாதீர்கள்.

வண்டியைக் காலியாக எடைமேடைக்கு ஓட்டிப் போங்கள். பேசிய எடைதானா என்று பாருங்கள். பக்கக் கதவுகளைப் பத்துத் தடவை திறந்து மூடுங்கள். மூடிய பாடியாக இருந்தால், நல்ல வெயிலில் நிறுத்தி, நீங்கள் உள்ளே ஏறிக்கொண்டு, வெளியே கதவைச் சாத்தச் சொல்லுங்கள். எங்கே வெளிச்சம் தெரிகிறதோ, அங்கே மழைத் தண்ணீர் வரும். அந்த இடத்தில் சாக்கட்டியால் வட்டம் போடுங்கள். வட்டங்களை எல்லாம் அடைத்த பிறகு கடைசித் தவணையைக் கொடுங்கள்.